யாரும் அள்ளாத படுகள மண்

1

பெரியப்பா, நீங்கள் பொய் சொல்கிறீர்கள்.

ஏழுமலை துபாய்க்குப் போனான் என்று சொன்னது பொய். சாமி கனவில் வந்து கேட்டது என்று சொல்லி அந்த வருஷம் படுகளம் போட்டதும் பொய். சில மாதம் முன்பு நான் போன் செய்தபோது சிரித்தீர்களே, அந்தச் சிரிப்பைக்கூட நான் நம்பவில்லை.

குடும்ப விஷயத்தைப் பத்திரிகையில் எழுதக் கூடாது என்று அம்மா அழுகிறாள். குடும்பத்துக்குள் கேட்டுப் பார்த்தாயிற்று, பதில் வரவில்லை. அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் கேட்கிறேன். ஊர் பெயரைப் போடவில்லை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற வழியில் உள்ளே பிரிந்து போகிற எத்தனையோ ஊர்களில் அதுவும் ஒன்று. ஊர்க்காரர்களுக்குப் படித்ததும் தெரிந்துவிடும். மற்றவர்களுக்கு முதலிலிருந்து சொல்கிறேன்.

2

நான் ஆஸ்திரியா நாட்டின் தலைநகரம் வியன்னாவில் இருக்கிறேன். வீட்டுக்காரருக்கு லிஃப்ட் ரிப்பேர் செய்கிற கம்பெனியில் வேலை. கல்யாணமான கையோடு வந்தோம். மகள் இனியா இங்கேதான் பிறந்தாள். அவள் பேச ஆரம்பித்த பிறகு நான் இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் படிக்கச் சேர்ந்தேன். ஊரில் சொன்னபோது என் சின்ன மாமா, "உறவுன்னா, சம்பந்தம் பேசுற படிப்பாம்மா?" என்று கேட்டார். பாதி சரிதான். ஒரு நாடு இன்னொரு நாட்டோடு எப்படிப் பேசுவது, சண்டை வந்தால் யார் நடுவில் போவது, ஒரு நாடு தன் சொந்த ஜனங்களையே அழித்தால் வெளியில் இருக்கிறவன் கேள்வி கேட்கலாமா கூடாதா, இதெல்லாம்தான் பாடம்.

இந்த ஊரில் வருஷா வருஷம் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். அலுவலகத்தில் என்னை என் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவர்கள் கணக்கில் கடைசிப் பெயர்தான் பெயர். செத்துப்போன அப்பாவின் பெயரை ஒரு வெள்ளைக்காரி சத்தமாகக் கூப்பிடுவாள், நான் எழுந்து நிற்பேன். முதல் தடவை உடம்பு சிலிர்த்தது. இப்போது பழகிவிட்டது. வீடு மாறினால் போய்ப் பதிய வேண்டும். நாட்டை விட்டுப் போனால் போகிறேன் என்று பதிய வேண்டும். ஒரு ஆள் எங்கே இருக்கிறான் என்று இந்த ஊருக்கு எப்போதும் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் ஊரில் ஒரு ஆள் இல்லாமல் போய்விட்டான். நான்கு வருஷமாக யாருக்கும் தெரியவில்லை, அல்லது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

அந்த ஆள் ஏழுமலை. விழுப்புரத்தில் நான் கல்லூரியில் படித்தபோது அவனும் படித்தான். நான் வரலாறு, அவன் அரசியல். ஒரே பஸ்ஸில் போவோம். அவன் வீடு காலனியில், என் வீடு ஊரில். அதனால் ஊர் எல்லை தாண்டும்வரை பேச மாட்டோம். மெயின் ரோடு வந்ததும் பின்படியிலிருந்து மேலே வந்து, பேப்பரைப் பிரித்து எங்கோ நடக்கிற சண்டையைப் பற்றி எனக்கு வகுப்பு எடுப்பான். சர்வதேச உறவுகள் என்று ஒரு படிப்பு இருப்பதே அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டெல்லிக்குப் போய் அதைப் படிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அவன் படிக்கவில்லை, நான் படிக்கிறேன்.

அவனுக்கு ஒரே அக்கா, தனம். கண்டமங்கலம் வழியாகப் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய் வருகிறவள். அப்பா அம்மா இல்லாத தம்பியை அவள்தான் படிக்க வைத்தாள். நான் இந்தப் படிப்பில் சேர்ந்தது தெரிந்த நாளிலிருந்து மாதம் ஒரு தடவை எனக்குப் போன் செய்வாள். வேறு பேச்சே கிடையாது.

"சுமதி, துபாய்ல ஒரு ஆளக் கண்டுபுடிக்க உங்க படிப்புல வழி இருக்குதா?"

"கேட்டுப் பாக்கிறேங்கா."

"நாட்டுக்கு நாடு பேசுற படிப்புதான அது? ஒரு வார்த்த கேட்டுச் சொல்லு."

ஒவ்வொரு தடவையும் இதே கேள்வி, இதே வார்த்தைகள். குரல் ஏறாது, இறங்காது. நானும் தூதரகத்துக்கு எழுதினேன், துபாயில் இருக்கிற தமிழ்ச் சங்கத்துக்காரர்களைக் கேட்டேன். அப்படி ஒரு ஆள் வந்ததாகவே யாருக்கும் தெரியவில்லை.

3

படுகளம் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். கடைசி நாள் திடலில் துரியோதனனை மண்ணால் படுக்க வைப்பார்கள். ஒரு வீட்டை விடப் பெரிய மனுஷன், மல்லாந்து கிடப்பான். கிரீடம், மீசை, கையில் கதாயுதம். தொடைக்குள் செந்நீர் நிறைந்த பானையைப் புதைத்திருப்பார்கள். பீமன் வேஷக்காரன் அதில் அடிப்பான். திரௌபதி கூந்தலை முடிவாள். அது முடிந்த அடுத்த நிமிஷம் ஊரே அந்த உருவத்தின் மேல் விழும். ஆளுக்கு ஒரு பிடி மண். கூடையோடு வருகிறவர்களும் உண்டு. நிலக்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். மல்லாட்டைக் கொல்லையில் தூவினால் விளைச்சல், விதைக் குதிருக்குள் போட்டால் பூச்சி அண்டாது. சாயங்காலம் போய்ப் பார்த்தால் மண் இருந்த இடத்தில் ஈரத் தடம்தான் இருக்கும். மூக்கு இருந்த இடம் இது, காது இருந்த இடம் அது என்று பிள்ளைகள் சண்டை போடுவோம்.

ஏரியில் வண்டல் வெட்டி, தலையில் சுமந்து, திடலில் கொட்டி மிதித்துக் கொடுப்பது காலனி ஆட்கள். ஆனால் மண் அள்ளும்போது ஊர்க்காரர்கள் எல்லோரும் அள்ளி முடித்த பிறகுதான் அவர்கள் வரலாம். வரும்போது என்ன இருக்கும்? ஈரத் தடம்.

ஏழுமலை இதைக் கேட்டான். பஸ்ஸில் என்னிடம் சொன்னதைத்தான் ஊர்க் கூட்டத்திலும் கேட்டான்.

"சொமக்கறது நாங்க. அள்றது நீங்க. ஒரு வருஷம் மாத்திப் பாக்கலாமா?"

கேலியாகத்தான் கேட்டான். அவனுக்கு எல்லாமே கொஞ்சம் கேலி. ஆனால் மனுவும் போட்டான். அதிகாரிகள் வந்து பேசினார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து மண் அள்ளுங்கள், இல்லையென்றால் திருவிழா வேண்டாம் என்றார்கள். கோயில் தர்மகர்த்தா என் பெரியப்பா. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப கூத்தே வேணாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அந்த வருஷம் கூத்து இல்லை. அடுத்த வருஷமும் இல்லை. அதற்குள் எனக்குக் கல்யாணமாகி இங்கே வந்துவிட்டேன்.

4

போன குளிர்காலத்தில் எங்களுக்கு ஒரு பாடம் இருந்தது. ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து, தரையில் என்ன நடந்தது என்று சொல்வது. நாடுகள் ஒன்றையொன்று நம்பாது. கீழே வந்து பார்க்கவும் விடாது. அதனால் மேலிருந்து பார்த்துக்கொள்ளும். அந்தப் பாடத்தை எடுத்தவர் ஒல்லியான வயதான மனிதர். பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்.

மத்தியானமே இருட்டிக்கொண்டு வருகிற மாதம். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி, எதிர்க் கட்டடம்கூடத் தெரியவில்லை. அவர் திரையில் ஒரு படத்தைப் போட்டார். இடத்தின் பெயர் கிடையாது. போர் நடக்காத ஒரு நாடு, ஒரு கிராமம், அவ்வளவுதான் சொல்வேன், இங்கே விசாரணை தேவையா தேவையில்லையா என்று எழுதுங்கள் என்றார். இரண்டு வருஷமாக மாணவர்களுக்கு இதே படத்தைத்தான் கொடுக்கிறாராம்.

நான் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். முதலில் தெரிந்தது ஏரி. எங்கள் ஏரியின் கரை ஒரு இடத்தில் முழங்கை மாதிரி மடங்கும். பிறகு கோயில், ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி. பிறகு எங்கள் வீட்டு மாடி. அதில் அம்மா வற்றல் காயவைக்கிற வெள்ளைத் துணி ஒரு புள்ளியாகத் தெரிந்தது. உலகத்தின் எந்த ஊர்ப் படத்தையும் அவர் போட்டிருக்கலாம். திடலின் நடுவில் ஒரு மனிதன் மல்லாந்து கிடந்தான்.

என் பக்கத்தில் நீனோ உட்கார்ந்திருந்தாள். ஜார்ஜியாக்காரி. படத்தைப் பார்த்ததும், "அது புதைகுழி" என்றாள். யோசிக்கவே இல்லை. அவள் ஊர்ப் பக்கம் அந்த மாதிரி பார்த்திருக்கிறாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து நின்றேன். என் ஊர் இது என்று சொன்னதும் வகுப்பு மொத்தமும் திரும்பியது. கூத்தைச் சொன்னேன், அம்மனைச் சொன்னேன். படுகளம் என்பதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது என்று தெரியாமல் 'போர்க்களம்' என்று சொல்லித் தொலைத்தேன். முன் வரிசைப் பையன் தன் நோட்டில் 'போர்' என்று எழுதி அடிக்கோடு போட்டதைப் பார்த்து, அதைத் திருத்துவதற்கே ஐந்து நிமிஷம் போனது. மண்ணை அன்றைக்கே அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், ஒரு பிடி மிஞ்சாது, அதற்கு எங்கள் ஊரில் ஒரு தகராறே நடந்தது என்றெல்லாம் சொன்னேன். கை தட்டினார்கள். நீனோ என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். உங்களுக்கு எங்களைப் பார்த்தால் பிணம்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

பேராசிரியர் நன்றி சொன்னார். அடுத்த படத்தைப் போட்டார்.

அதே திடல். வயல்களின் நிறம் மாறியிருந்தது. மல்லாட்டை பிடுங்கி முடித்த செம்மண். அந்த மனிதன் அங்கேயே கிடந்தான்.

"இது இரண்டு மாதம் கழித்து எடுத்தது" என்றார். குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரிக் கேட்டார். "அன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றீர்கள். ஏன் எடுக்கவில்லை?"

அப்போதுதான் மூலையில் இருந்த வருஷத்தைப் பார்த்தேன். நான் வியன்னா வந்த பிறகு வந்த வருஷம். கூத்து நின்று போன பிறகு.

மூன்றாவது படத்தைப் போட்டார். மழைக்காலத்துக்குப் பிறகு எடுத்தது. உருவம் கரைந்து திடல் சமமாகிவிட்டது. "இப்போது அந்தப் பொருளைப் பார்க்காதீர்கள்" என்றார். "அதைச் சுற்றி மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்."

கோயிலிலிருந்து ரேஷன் கடைக்குத் திடலைக் குறுக்கே தாண்டிப் போகிற ஒற்றையடிப் பாதை உண்டு. நான் பிறந்த நாளிலிருந்து நடந்த பாதை. முதல் படத்துக்கு முன்னால் எடுத்த ஒரு பழைய படத்தையும் பக்கத்தில் போட்டார். அதில் அது வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. இப்போது அது இல்லை. புல் மூடிவிட்டது. புதிதாக ஒரு கோடு ஏரிக்கரையை ஒட்டி வளைந்து போனது. காலனிக்காரர்கள் பாதை, ஊர்க்காரர்கள் பாதை எல்லாமே வளைந்து போயின. திடலைப் பார்த்துக் கதவு வைத்த வீடுகள் வரிசையாக இருக்கும். அவற்றின் முன்னால் ஒரு வாசல் தடமும் இல்லை. எல்லாத் தடமும் கொல்லைப்புறத்திலிருந்து கிளம்பியது.

ஒரு ஊரே ஒரு இடத்தை மிதிக்காமல் நடக்கிறது. நான் நான்கு வருஷமாக வாரம் தவறாமல் அந்த ஊரோடு போனில் பேசுகிறேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடைசிப் படம் அதற்கடுத்த கோடையில் எடுத்தது. திடல் முழுக்கக் காய்ந்த புல். நடுவில் மட்டும் பச்சை. தலை, தோள், விரித்த கால்கள். ஏரி வண்டலில் புல் நன்றாக முளைக்கும், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீனோ என் பக்கம் திரும்பவே இல்லை.

5

பாடத்துக்காக எல்லோருக்கும் அனுப்பியிருந்த அந்தப் படங்களை வீட்டில் மடிக்கணினியில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இனியா வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் என்பது அம்மா போனில் சண்டை போடுகிற மொழி. என்னிடம் ஜெர்மனில்தான் கேட்பாள், நான் தமிழில் பதில் சொல்வேன். யார் இந்த ஆள் என்று கேட்டாள். கூத்து பொம்மை என்றேன்.

கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தமிழில் கேட்டாள். "பொம்மைன்னா ஏன் யாருமே கிட்ட வரல?"

மடிக்கணினியை மூடினேன்.

மறுநாள் அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். அங்கே மத்தியானம்.

"அம்மா, நான் இங்க வந்த பொறவு படுகளம் போட்டாங்களா?"

"யாருடி சொன்னது?"

"யாரும் சொல்லல. பாத்தேன்."

"அங்கேர்ந்தா?"

"இங்கேர்ந்துதான்."

பின்னால் கோழி கத்தியது.

"உங்க பெரிப்பாதான் போட்டாரு. சாமி கெனாவுல வந்து கேட்டுச்சாம். கூத்து இல்ல, கொடி ஏத்தல, மோளம் இல்ல. யாரும் வெளிய வரக் கூடாது, கதவச் சாத்திக்கினு இருங்கன்னு ஆளு வுட்டுச் சொன்னாரு."

"மண்ணு யாரு சொமந்தது?"

"டிராக்டர்ல வந்துது."

"காலனில யாரையும் கூப்புடலியா?"

"கூப்புடல."

"ஏழுமலை துபாய் போய்ட்டான்னு பேச்சு வந்துது எப்போ?"

"அது இன்னாத்துக்கு இப்ப?"

"எப்பம்மா?"

"அந்த வாரந்தான்."

"நீ மண்ணு அள்னியா?"

"இல்ல."

"ஏன்?"

"பால் கறக்கற நேரமாயிட்டுது."

"எதிர்வூட்டுச் சித்தி அள்னாங்களா?"

"யாரும் அள்ளலடி" என்றாள். பிறகு, "சோறு பொங்குது, வைக்கிறேன்" என்றாள். அடுப்பு எரிகிற சத்தமே கேட்கவில்லை.

இரண்டு நாள் விட்டு வீடியோவில் கூப்பிட்டேன். திடலைக் காட்டச் சொன்னேன். வெயிலில் போனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வழி முழுக்க அவள் செருப்புச் சத்தம் டப் டப்பென்று கேட்டது. கோயில் மதில் முடிகிற இடத்தில் நின்றாள். அதற்கு அப்பால் வேலிக்காத்தான் முளைத்துக் கிடந்தது. எங்கள் ஊரில் அத்தனை ஆடு மாடு இருந்தும் அந்தத் திடலில் ஒன்று மேயவில்லை.

"உள்ள போம்மா."

"இங்கேர்ந்தே தெரியுதே."

"ரெண்டடி போ."

"முள்ளுடி. செருப்பு போட்டுக்கினு வரல நானு."

பொய் சொல்லத் தெரியாதவள் என் அம்மா. அவளுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை. அந்த மண்ணைத் தொடக் கூடாது என்று தெரிந்திருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் அது தெரிந்திருக்கிறது. ஒருவர் மற்றவரிடம் சொன்ன மாதிரித் தெரியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள், திறந்து வந்து பார்த்தார்கள், கொல்லைப்புறத்தில் வேறு கதவு வைத்துக்கொண்டார்கள்.

6

ஏழுமலையைத் துபாய்க்கு அனுப்பியது கோட்டக்குப்பம் காசிம் பாய் என்று பெரியப்பா ஊரில் சொல்லியிருந்தார். வளைகுடாவுக்கு ஆள் அனுப்புகிறவர். அவர் நம்பரைப் பிடித்துக் கேட்டேன்.

"ஏழுமலையா? எங்கைலேர்ந்து போனவன் ஒருத்தன் மூஞ்சியும் எனக்கு மறக்காதும்மா. அப்பிடி ஒருத்தன நான் அனுப்பல."

"எங்க பெரியப்பா உங்க பேரச் சொல்றாரே பாய்."

"அவரு எங்கிட்ட ஒரு தபா கூட பேசனதே இல்லியே. எம்பேர ஏன் இழுக்கறாரு? பேஜாரா கீதே." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "இத நான் அந்தப் பொண்ணு கிட்டயே சொல்லிட்டேனேம்மா. அப்பவே வந்து கேட்டுச்சு. கேட்டுக்கினு எழுந்து போச்சு."

எந்தப் பெண் என்று நான் கேட்க வேண்டியதில்லை.

பிறகுதான் பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். அந்தப் பேச்சை அப்படியே எழுதுகிறேன். அவர் மறுக்கட்டும்.

"பாப்பா, நல்லாகீறியா? கொழந்தை எப்பிடிக் கீது?"

"நல்லாக்கீறோம். பெரிப்பா, நீங்க போட்ட படுகளத்த நான் படத்துல பாத்தேன்."

"எந்தப் படம்?"

"வானத்துலேர்ந்து எடுத்தது."

சிரித்தார். "மேலேர்ந்து பாத்தா எல்லாம் ஒரே மாரிதாம்மா தெரியும்."

"மண்ண ஏன் யாரும் அள்ளல?"

"இப்ப எவன் மல்லாட்டை போடறான்? பாதிப் பேரு சவுக்கு வச்சிட்டானுங்க. மண்ணு இன்னாத்துக்கு?"

"ஏழுமலை எங்க?"

"துபாய்ல கீறான். போன மாசங்கூட போன் பண்ணான்னு சொன்னாங்க."

"யாருக்கு?"

"யாருக்கோ."

"அவங்க அக்காவுக்குப் பண்ணலியே."

"கோவமா இருப்பான். நீ இன்னாம்மா, பெரிய பெரிய படிப்பெல்லாம் படிக்கிறே, இதெல்லாம் உனக்கு எதுக்கு?" மறுபடி சிரித்தார். அப்புறம் சிரிப்பு இல்லாமல் மெதுவாகச் சொன்னார். "அங்க நல்லாத்தான கீற? அங்கயே இருந்துக்க."

7

பேராசிரியரிடம் போனேன். தேதியோடு படங்களின் தெளிவான நகல் கொடுத்தார். இதை யார் விசாரிப்பார்கள் என்று கேட்டேன். விசாரணை தேவை என்று எழுதுவதுவரைதான் நம் பாடம், யார் விசாரிப்பது என்பது வேறு துறை என்றார். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. எனக்கு முன்னால் எத்தனை மாணவர்கள் 'விசாரணை தேவை' என்று எழுதியிருப்பார்கள். எழுதி, மதிப்பெண் வாங்கி, வெவ்வேறு நாட்டில் வேலைக்குப் போயிருப்பார்கள். நானும் எழுதிக் கொடுத்தேன். நல்ல மதிப்பெண் போட்டிருந்தார்கள். அந்தத் தாளைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

எழுத வேண்டிய இடங்களுக்குப் படங்களோடு எழுதியிருக்கிறேன். அது தனி. அங்கே என்ன வருமோ வரட்டும்.

தனம் அக்கா வழக்கம்போல் போன் செய்தாள். புதுச்சேரியிலிருந்து திரும்புகிற பஸ், கண்டக்டர் விசில் கேட்டது.

"சுமதி, துபாய்ல ஒரு ஆளக் கண்டுபுடிக்க..."

"அக்கா, அவன் துபாய் போகல."

நான் படத்தைச் சொன்னேன், திடலைச் சொன்னேன், பாதை வளைந்ததைச் சொன்னேன். அவள் அழவில்லை. குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் முடிக்கும்வரை கேட்டாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்பத்திலேர்ந்து?"

"பாய் சொன்ன அன்னியிலேர்ந்து. ஸ்டேஷனுக்குப் போனேன், வெளிநாடு போன ஆள எங்க தேடறதுன்னாங்க. ஊர்ல ஒவ்வொருத்தரா கேட்டேன். எல்லாரும் துபாய் துபாய்ன்னாங்க. சரி, துபாய்னே கேட்டுக்கினு இருப்போம்னு வச்சிக்கினேன்."

"தெரிஞ்சிக்கினே எங்கிட்ட ஏங்கா கேட்ட?"

"ஊர்லேர்ந்து ஒரு வாயாவது தொறக்குதான்னு பாத்தேன். உன் வாய் தொறக்க நாலு வருஷம் ஆயிருக்குது."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உனக்கு என்ன வேணும்கா?" என்று கேட்டேன். நாங்கள் படிக்கிற பாடத்தில் இதற்கு நிறையப் பதில் உண்டு. நீதி, நிவாரணம், சாட்சிப் பாதுகாப்பு. அவள் அதில் எதையும் சொல்லவில்லை.

"நீ போன்ல சொன்ன. எங்காதுல மட்டும் கேட்டுச்சு. அந்த ஆளு சொல்லணும். எல்லாரும் இருக்கும்போது சொல்லணும். நானா அங்க போயித் தோண்டினா, கிறுக்கின்னு சொல்லிடுவாங்க. அவரு வாயால எடத்தச் சொல்லட்டும்." பிறகு, "எறங்கற ஸ்டாப் வந்திடுச்சி" என்று வைத்துவிட்டாள். அவள் அதற்குப் பிறகு எனக்குப் போன் செய்யவில்லை. அந்த மாதமும் செய்யவில்லை, இந்த மாதமும் செய்யவில்லை. கேட்க வேண்டியது என்று அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. இனி கேட்க வேண்டியது நான்.

பெரியப்பா, அவனை யார் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. நீங்கள் செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தத் திடலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தவள் இல்லை நான். எதுவும் இல்லையென்றால் உங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை, நீங்களே ஒரு மண்வெட்டியோடு அந்தத் திடலுக்குள் நடந்து காட்டலாம். உங்கள் பின்னால் ஊரில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்க்கலாம்.

வருகிற கிராம சபைக் கூட்டத்தில் வழக்கம்போல் உங்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போடுவார்கள். பேசச் சொல்வார்கள். ரோடு, தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு எல்லாம் அப்புறம் பேசலாம். காலனியும் ஊரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிற அந்த இடத்தில், அதிகாரிகள் எழுதிக்கொள்கிற அந்த இடத்தில், தனம் அக்காவின் முகத்தைப் பார்த்து, மைக்கில் சொல்லுங்கள். அந்த உருவத்துக்கு அடியில் இருப்பது யார்? ஏழுமலை இல்லையென்றால் ஏழுமலை எங்கே? பெயரையும் இடத்தையும் சொல்லுங்கள்.